கஞ்சி போட்ட நூல்

போன மாசியில் எங்கள் ஊர் வீரசோழன் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டு ஒரு கேள்விக்கு அரை நிமிஷத்தில் பதில் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். கேட்டவள் என் அண்ணன் மகள், கல்லூரியில் கணினி படிக்கிறாள், இறுதி ஆண்டு. அன்று சந்தை நாள். ஆடுகளைக் கயிற்றோடு இழுத்துப் போகிறவர்கள், விற்ற பணத்தை மடியில் முடிந்துகொண்டு டீக்கடை பெஞ்சில் சாய்ந்திருப்பவர்கள், புழுக்கையும் புழுதியும் வெயிலில் கலந்து எழும் அந்த வாடை. கைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். வேலைக்கு ஆள் கேட்கும் அறிவிப்பு. ஹெச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் என்று வரிசையாக வந்து நான்காவதாக, சாஸ் அல்லது லெஸ் போன்ற ப்ரீபிராசசரில் பழக்கம் வேண்டும் என்று போட்டிருந்தது. "சித்தப்பா, இந்தச் சாஸைப் படிக்கவா, வேணாமா?" என்றாள். "அதெல்லாம் பழசாகிப் போச்சு தாயி. சிஎஸ்எஸ்ஸை ஒழுங்காப் படி, அது போதும்." அருப்புக்கோட்டை பஸ் வந்துவிட்டது. ஜன்னலோரம் இடம் பிடித்துத் திரும்பிப் பார்த்தபோது அவள் இன்னும் கைபேசியைப் பார்த்தபடியே நின்றாள். மறுநாள் சென்னையில் ஆபீஸ் லேப்டாப்பைத் திறந்தேன். முதலில் வந்து நின்றது ஒரு சாஸ் கோப்பு. பகல் முழுக்க அதில்தான் வேலை. பழசாகிப் போச்சு என்று நான் ஒதுக்கிய பொருள்தான் பத்து வருஷத்துக்கு மேலாக எனக்குச் சோறு போடுகிறது. சந்தையில் நல்ல விலைக்கு ஆட்டைத் தள்ளிவிட்டு வீடு திரும்புகிறவன், எதிரே ஆட்டோடு வருகிறவனிடம் 'இன்னைக்கு விலை இல்லப்பா, திரும்பிப் போ' என்று சொன்ன மாதிரி இருந்தது எனக்கு. சொன்னது பொய் இல்லை. ஆனாலும் அதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்ற கேள்வி அன்றிலிருந்து செருப்பில் ஏறிய கருவேல முள்ளாகக் கூடவே வருகிறது.

ப்ரீபிராசசரை முன்செயலி என்று தமிழில் எழுதுகிறார்கள். நல்ல சொல்தான். ஆபீஸில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. வேலைக்கு முன்னால் நடக்கும் ஒரு வேலை அது. நாம் எழுதுவதை வாங்கி, வேறொன்றாக எழுதிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அதற்குப் பிறகுதான் உண்மையான ஓட்டம். பிரவுசருக்குச் சாஸ் என்று ஒன்று இருப்பதே தெரியாது. அதன் கைக்கு வந்து சேர்வது வெறும் சிஎஸ்எஸ், பக்கத்தின் நிறத்தையும் அமைப்பையும் சொல்லும் மொழி. 1996-இல் சிஎஸ்எஸ் வெளிவந்தபோது அதில் மாறிகள் கிடையாது, ஒன்றுக்குள் ஒன்றை அடுக்கி எழுத வழியில்லை. ஒரு நீலத்தை நாற்பது இடத்தில் எழுத வேண்டும், வாடிக்கையாளர் 'கொஞ்சம் வெளிறலா இருந்தா நல்லாருக்கும்' என்றால் நாற்பது இடத்திலும் போய் மாற்ற வேண்டும். பத்து வருஷம் இந்த அவதி. 2006-இல் ஹாம்ப்டன் காட்லின் யோசித்து, நட்டாலி வைஸன்பாம் கட்டியெழுப்பியதுதான் சாஸ். நீலத்துக்கு ஒரு பெயர் வைத்துவிடலாம், ஒன்றுக்குள் ஒன்றை அடுக்கி எழுதலாம். எழுதுகிறவனுக்கு அது எவ்வளவு பெரிய ஆசுவாசம் என்பது அந்த நாற்பது இடங்களையும் தேடி அலைந்தவனுக்குத்தான் தெரியும்.

நான் அலைந்திருக்கிறேன். ஆனாலும் சாஸிடம் போனது அந்த அலைச்சலால் அல்ல, வெட்கத்தால். 2013 வாக்கில் சென்னையில் ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்த புதிதில் பக்கத்து நாற்காலிப் பையன்கள் எல்லாரும் அதில் எழுதிக்கொண்டிருந்தார்கள். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. அன்றைக்குச் சாஸ் ஓட ரூபி என்ற மொழி வேண்டும். எனக்கு ரூபியில் ஒரு வரி தெரியாது, அதை நிறுவுவதிலேயே இரண்டு நாள் போனது. பிறகு எழுத ஆரம்பித்தேன், அடுக்கு மேல் அடுக்காக, ஐந்து, ஆறு, ஏழு. திரையில் பார்க்க அழகாக இருந்தது, மாடி மாடியாக உள்ளே தள்ளிப் போகும் வரிகள். மூன்று மாதம் கழித்து வேலையை ஒப்படைத்த அன்று வாடிக்கையாளரிடமிருந்து போன் வந்தது. பக்கத்தின் மேல்பாதி சரியாக இருக்கிறது, கீழ்ப்பாதி நிறமும் இல்லாமல் ஓரமும் இல்லாமல் கொட்டிக் கிடக்கிறது என்றார்கள். என் கம்ப்யூட்டரில் எல்லாம் சரி. அவர்களிடம் இருந்தது இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 9. இரண்டு ராத்திரி என் கோப்புகளையே வரிவரியாகத் தடவிக்கொண்டிருந்தேன். அவற்றில் ஒரு பிழையும் இல்லை. மூத்தவர் ஒருவர் வந்து, "வெளிய வந்த ஃபைலைத் திறந்து பாத்தியா?" என்றார். அதை நான் அதுவரை திறந்ததே இல்லை. நான் எழுதியது சில நூறு வரி, அடுக்குகள் விரிந்து வெளியே வந்திருந்தது பல ஆயிரம். செலக்டர் என்பது எந்த இடத்துக்கு இந்த நிறம் என்று சுட்டும் பெயர். ஒரு கோப்பில் 4,095 செலக்டர்களுக்கு மேல் இருந்தால் அந்தப் பழைய எக்ஸ்புளோரர் மிச்சத்தைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். பிழைச் செய்தி கிடையாது, முனகல்கூடக் கிடையாது. மூன்று மாதமாக நான் எழுதியது என்று நினைத்திருந்ததை நான் ஒரு தடவைகூட வாசித்திருக்கவில்லை.

என் அம்மா பிறந்தது அருப்புக்கோட்டையில், நெசவுத் தெருவில். பள்ளி விடுமுறைக்குப் போனால் விடியும் முன்பே எழுப்பிவிடுவார்கள். தெருவின் நீளத்துக்குப் பாவு நூலை நீட்டி, குறுக்குக் கழிகளில் தாங்கவைத்து, அரிசிக் கஞ்சியைத் தோய்த்து, பெரிய பிரஷ்ஷால் இழுத்துக்கொண்டே போவார்கள் பெரியவர்கள். அறுந்த இழையைத் தேடிப் பிணைப்பது எங்களைப் போன்ற பொடிசுகள் வேலை. வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும், ஏறினால் நூல் முறுகிவிடும். புளித்த கஞ்சி வாடை தெருவில் பத்து மணி வரை நிற்கும். தறியில் ஏறியபின் ஒவ்வொரு இழையும் விழுதிலும் அச்சிலும் ஓயாமல் உரசிக்கொண்டே இருக்கும். வெறும் நூல் என்றால் பிசிறடித்து அறுந்துபோகும். அந்த உரசலைத் தாங்கத்தான் கஞ்சி. சேலை முடிந்து, எங்கேயோ ஒருத்தி வாங்கிக் கட்டி, இரண்டு தடவை துவைத்தால் கஞ்சி தண்ணீரோடு போய்விடும். அது நெய்கிறவருக்காக இருந்தது, உடுத்துகிறவருக்கு அதில் பங்கில்லை. சாஸின் மாறிகளும் அப்படித்தான். நீலத்துக்கு நான் வைத்த பெயர், கோப்பு வெளியே வரும்போது கரைந்துவிடும். வெறும் நீலம் மட்டும் நாற்பது இடத்திலும் நிற்கும். சிஎஸ்எஸ்ஸுக்கே பிற்பாடு மாறிகள் வந்தன, 2014-இல் ஃபயர்ஃபாக்ஸில், 2016-இல் குரோமில். அவை கரைவதில்லை. பக்கம் திறந்திருக்கும்போதே மாறும், ராத்திரியானால் திரையை இருட்டாக்கும், ஒரு மூலையில் ஒரு மாதிரியும் இன்னொரு மூலையில் வேறு மாதிரியும் இருக்கும். அவை சாயம். துணி கிழிகிற வரைக்கும் துணியோடு இருக்கும்.

இந்த ஒப்புமை கிடைத்ததும் எனக்குக் கொஞ்சம் கர்வமாகத்தான் இருந்தது. கஞ்சி போகும், சாயம் நிற்கும், ஆக நான் அவளுக்குச் சொன்னது சரி என்று ஒரு வாரம் நிம்மதியாக இருந்தேன். பிறகு பாட்டி ஞாபகம் வந்து கெடுத்தது. தெருவில் பாவு நீட்டுவது குறைந்து, சைசிங் மில்லிலேயே கஞ்சி போட்டு பீமில் சுற்றி வர ஆரம்பித்த காலத்திலும் அவள் இருந்தாள். வாசலில் பீம் வந்து இறங்கியதும் இழையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு உருட்டு உருட்டுவாள். "இது நிக்காதுடா" என்றால் நிற்காது, அன்றைக்குப் பத்து இடத்தில் அறும். கஞ்சி காய்ச்சும் வேலை அவள் கையை விட்டுப் போயிருந்தது. இழையைத் தொட்டு அறிவது போகவில்லை. கஞ்சியே காய்ச்சாத மாமா வீட்டு மருமகளுக்கு அந்த உருட்டு வரவேயில்லை, எத்தனையோ தடவை செய்து பார்த்தும். அப்படியானால் கரைந்துபோகிற ஒன்றைக் கற்பதால் கரையாத ஏதோ ஒன்று விரலில் தங்குமா? எல்லாருக்கும் தங்குமா? எனக்குத் தங்கியது, ஆனால் 4,095-இல் முட்டிக்கொண்ட பிறகு. முட்டியிருக்காவிட்டால் இன்றைக்கும் அடுக்கிக்கொண்டே இருந்திருப்பேன்.

முன்செயலிகளின் ஆயுளைப் பற்றி யாராலும் ஜோசியம் சொல்ல முடியாது. சி மொழிக்கு 1973 வாக்கில் ஒன்று சேர்ந்தது, ஆலன் ஸ்னைடர் வற்புறுத்தியதும் ஒரு காரணம் என்று டென்னிஸ் ரிட்சியே எழுதியிருக்கிறார். முதலில் அது செய்ததெல்லாம் இன்னொரு கோப்பை உள்ளே இழுப்பதும் ஒரு சொல்லுக்குப் பதில் இன்னொன்றைப் போடுவதும்தான். அதற்குச் சி மொழி தெரியாது. எழுத்தை எழுத்தாக மட்டுமே பார்க்கும். வர்க்கம் என்று ஒரு பெயர் வைத்து, வர்க்கம்(எண்) என்று வரும் இடத்தில் எல்லாம் எண் * எண் என்று போடு என்று சொல்லிவைத்தால், வர்க்கம்(5) என்பதற்கு 25 வரும். வர்க்கம்(2+3) என்று எழுதிப் பாருங்கள். அது கூட்டிப் பார்க்காது. 2+3*2+3 என்று அப்படியே ஒட்டிவிட்டுப் போகும். பெருக்கல் முதலில் நடந்து, விடை 11. ஐம்பது வருஷமாக முதலாண்டு மாணவர்கள் இந்தப் பதினொன்றில் தடுக்கி விழுகிறார்கள், அடைப்புக்குறி போடக் கற்கிறார்கள், அந்த முன்செயலியும் குத்துக்கல்லாக உட்கார்ந்திருக்கிறது. யூனிக்ஸின் ஷெல்லை எழுதிய ஸ்டீஃபன் போர்ன் அதே முன்செயலியை வைத்துச் சியை அல்கால் என்ற மொழியின் வேஷம் கட்ட வைத்தார். 1979-இல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்போடு வந்த அந்த மூலநிரலைப் பார்த்த சிலருக்கு வந்த மலைப்பும் சிரிப்பும், சியில் குழப்பமாக எழுதுவதற்கென்றே 1984-இல் ஒரு சர்வதேசப் போட்டி தொடங்க ஒரு காரணம். அதே 1979-இல் பியார்ன ஸ்டிரவுஸ்ட்ரப் சிக்கு முன்னால் ஒரு முன்செயலியை வைத்து வகுப்புகளைச் சேர்க்கத் தொடங்கினார். அது வளர்ந்து சி பிளஸ் பிளஸ் ஆனது. ஆனால் ஜாவாஸ்கிரிப்டுக்கு முன்னால் நிற்க 2009-இல் வந்த காஃபிஸ்கிரிப்டைப் பாருங்கள். 2011-இல் ரெயில்ஸ் என்ற வலைச் சட்டகம் தன் ஒரே பதிப்பில் காஃபிஸ்கிரிப்டையும் சாஸையும் சேர்த்தே பரிமாறியது. 2015-இல் ஜாவாஸ்கிரிப்ட் புதுப்பிக்கப்பட்டபோது காஃபியின் நல்ல அம்சங்கள் அதற்குள்ளேயே வந்துவிட்டன. இன்றைக்குக் காஃபியில் அநேகமாக யாரும் புதிதாக எழுதுவதில்லை. ஒரே பந்தியில் உட்கார்ந்த இரண்டில் ஒன்று கைகழுவிவிட்டுப் போனது, மற்றது இன்னும் இலையில் இருக்கிறது. போக மறுப்பதற்கு எங்கள் பக்கத்துச் சீமைக் கருவேலம் உதாரணம், அது விறகுப் பஞ்சத்துக்கு என்று கொண்டுவந்ததுதான். பஞ்சம் போனது, மரம் போகவில்லை. கண்மாயை அடைத்தது, பிஞ்சையைத் தின்றது. ஆனால் நரிக்குடி திருச்சுழிப் பக்கம் மூட்டம் போட்டுக் கரி எடுத்து விற்ற காசில் உலை வைத்த வீடுகளை எண்ணினால், அந்த மரத்தைத் திட்டவும் வாய் வராது. 2017 வாக்கில் நீதிமன்ற உத்தரவு என்று சொல்லி வெட்டினார்கள். அடுத்த மழைக்குத் துளிர்த்துவிட்டது. சாஸ் காஃபியா கருவேலமா என்பதை அந்த பஸ் ஸ்டாப்பில் அரை நிமிஷத்தில் எப்படிச் சொன்னேன் என்பதுதான் எனக்கே விளங்கவில்லை.

கணினியில் தமிழ் எழுதியவர்கள் எது தங்கும், எது போகும் என்ற இந்தச் சங்கடத்தை முன்பே ஒரு தடவை பட்டிருக்கிறோம். தொண்ணூறுகளில் டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளில் தமிழ் அச்சிட வேண்டும் என்றால் ரோமன் எழுத்தில் தமிழைத் தட்ட வேண்டும். அவினாஷ் சோப்டே எழுதிய ஐடிரான்ஸ் போன்ற ஒரு முன்செயலி அதை வாங்கி எழுத்துருவின் குறிகளாக மாற்றும், அதற்குப் பிறகுதான் டெக் தொடும். எந்த ஒலிக்கு எந்தப் பெரிய எழுத்து, எது சின்ன எழுத்து என்று ஒரு பட்டியல் மனப்பாடமாக வேண்டும். மெனக்கெட்டுப் படித்தவர்கள் இருந்தார்கள். 2004-இல் ஜானதன் க்யூவின் ஸீடெக் வந்து யூனிகோடை நேரடியாகவே வாசித்தது. பட்டியல் பரணுக்குப் போனது. 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்தின் லொசானிலிருந்து கல்யாணசுந்தரம் தொடங்கிய, தமிழ் நூல்களை மின்வடிவாக்கும் மதுரைத் திட்டத்தின் நூல்களும் பழைய எழுத்துருவில் ஆரம்பித்து, திஸ்கி என்ற தமிழ்க் குறிமுறைக்கு மாறி, பிறகு யூனிகோடுக்கு வந்தவைதான். என்னிடமும் ஒரு திஸ்கிக் கோப்பு உண்டு. கல்லூரிக் காலத்தில் தாத்தா சொல்லச் சொல்ல நான் தட்டிய குறிப்பு: எந்தப் பிஞ்சையில் எந்த வருஷம் குதிரைவாலி, எதில் வரகு, கிருதுமால் ஆற்றில் தண்ணீர் வந்த வருஷம் எது, வராத வருஷங்கள் எவை. தாத்தா போய்ப் பல வருஷம் கழித்து அதைத் திறந்தால் திரை முழுக்கத் தலையில் கொம்பும் வாலும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து, திஸ்கி அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, குறிக்குக் குறி யூனிகோடுக்கு மாற்ற ஒரு சின்ன நிரல் எழுதினேன். ஓடியது. முதல் வரியில் ஊர்ப்பெயர் வந்தது, வீரேசாழன் என்று. திஸ்கி எழுத்தைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் வைக்கும். சோ என்பது அதில் முதலில் இரட்டைக் கொம்பு, பிறகு ச, பிறகு கால். யூனிகோடில் ச முதலில், ஓகாரக் குறி பின்னால். நான் வரிசையை மாற்றாமல் ஆளை மட்டும் மாற்றியதால் கொம்பு போய் முன்னால் நின்ற ரகரத்தில் ஏறிக்கொண்டது. சோளமும் அப்படியே ேசாளமாகி ஏற இடம் தெரியாமல் தொங்கியது. அதைச் சரிசெய்ய எனக்கு உதவியது தட்டச்சுப் பழக்கம் இல்லை. கோப்புக்குள் எழுத்து எந்த வரிசையில் கிடக்கிறது என்ற ஞானம்தான். அதை எப்போதோ, வேறு எதற்காகவோ படித்திருந்தேன்.

ஊர்ப்பெயர் என்றதும் இன்னொன்று. இலக்கணம் படித்தவர்களிடம் வீரசோழன் என்று சொன்னால் ஆட்டுச் சந்தை ஞாபகம் வராது, வீரசோழியம் வரும். பதினோராம் நூற்றாண்டில், சோழ அரசன் வீரராசேந்திரன் காலத்தில் புத்தமித்திரர் செய்தது, சி. வை. தாமோதரம் பிள்ளை 1881-இல் அச்சில் கொண்டுவந்தது. தொகையைச் சமாசம் என்றும் அடிச்சொல்லைத் தாது என்றும் வடமொழிச் சட்டகத்தைத் தமிழுக்கு முன்னால் நிறுத்தி, அதன் வழியே தமிழைப் பார்த்த நூல் அது. தொல்காப்பியம் கையில் இருக்க இது எதற்கு என்று கேட்ட புலவர்கள் உண்டு, இன்றும் கேட்கலாம். என் தமிழாசிரியர் ஒருவர் அதைப் பாடமாகவே வைக்க மாட்டேன் என்று முரண்டு பிடித்தார். ஆனால் அதை ஒதுக்க அவருக்கு உரிமை எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், அவர் அதைத் தலைகீழாக ஒப்பிப்பார் என்பதிலிருந்துதான். பஸ் ஸ்டாப்பில் நான் பேசியதும் அந்த ஆசிரியரின் குரலில்தான்.

ஐப்பசியில் ஊருக்குப் போனேன். மூன்று நாள் மழை, கரிசல் காலைப் பிடித்து இழுத்தது, கரண்ட் வருவதும் போவதுமாக இருந்தது. அவள் லேப்டாப் பேட்டரி அரை மணி நேரம் தாங்கினால் பெரிசு. சாஸ் நிறுவக் கைபேசியின் டேட்டாவில் பாதி தீர்ந்துவிடும் என்று முதலிலேயே கணக்குப் போட்டு வைத்திருந்தாள். "எதுவும் வேணாம், நோட்டை எடு" என்றேன். சிஎஸ்எஸ்ஸில் வகுப்புப் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம், பிரவுசர் முகம் சுளிக்காது. சந்தை என்று எழுதி, அதற்குள் ஆடு, மாடு என்று இரண்டு, அந்த இரண்டுக்குள்ளும் வெள்ளை, கருப்பு என்று இரண்டு. சாஸ் இதை எப்படி விரிக்கும், கையால் எழுது என்றேன். பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு இரண்டு வரி எழுதினாள்: சந்தை ஆடு வெள்ளை, சந்தை மாடு கருப்பு. ஜோடி ஜோடியாகச் சேர்த்திருந்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. திண்ணைக்கு வெளியே மழையில் ஒதுங்கி நின்ற ஆட்டைப் பார்த்தாள், அது கருப்பு. "அட, கருப்பு வெள்ளாடும் உண்டுல்ல" என்று சிரித்துவிட்டு மிச்ச இரண்டையும் எழுதினாள். இன்னொரு அடுக்கு போடு என்றேன், கிடா, பெட்டை, குட்டி. பன்னிரண்டு வரி எழுத வேண்டியிருந்தது. எழுதிக்கொண்டே வந்தவள் எட்டாவது வரியில் நிறுத்தினாள். "இப்படியே ஏழு அடுக்குப் போட்டா என்ன ஆகும் சித்தப்பா?" எனக்கு மூன்று மாதமும் இரண்டு ராத்திரியும் பிடித்த இடத்துக்கு அவள் முக்கால் மணி நேரத்தில் வந்துவிட்டாள்.

பிறகு அவள் கேட்டாள். "சாஸ், சிஎஸ்எஸ் ரெண்டும் தெரிஞ்சுதான் இத எழுதணும்னா, எதுக்குச் சித்தப்பா இது? நேரா சிஎஸ்எஸ்ஸையே எழுதிட்டுப் போகலாம்ல?" எழுதலாம். 2023 ஏப்ரலில் குரோமிலும், அடுத்தடுத்து சஃபாரியிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் சிஎஸ்எஸ்ஸிலேயே அடுக்கி எழுதும் வசதி நேரடியாக வந்துவிட்டது. ஆனால் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் பிரவுசரின் அடுக்கு சாஸின் அடுக்கு இல்லை. சாஸ் வரிகளாக விரித்துத் தரும், ஒவ்வொரு வரிக்கும் அதனதன் எடை, அதாவது மோதலில் எந்த வரி ஜெயிக்கும் என்ற கணக்கு. பிரவுசர் விரிப்பதில்லை. மேலே ஆடு, மாடு என்று இருக்கும் கூட்டத்தை ஒரே கொத்தாக எடுத்துக்கொண்டு, அதில் எது கனமோ அந்தக் கனத்தையே எல்லாவற்றுக்கும் கொடுத்துவிடும். ஆடு என்ற பெயரோடு ஒரு ஒட்டுப் போட்டு ஆடு-குட்டி என்று ஒரே சொல்லாக்கும் சாஸ் வித்தையும் அங்கே செல்லாது. பழைய சாஸை அப்படியே வெட்டி ஒட்டினால் பக்கம் பெரும்பாலும் சரியாகவே தெரியும், ஒரு மூலையில் மட்டும் ஒரு பொத்தான் நிறம் மாறி நிற்கும். அந்தப் பொத்தானைக் கண்டுபிடிக்கிறவருக்குத்தான் இனி சில வருஷத்துக்கு வேலை இருக்கும் என்று எனக்குப் படுகிறது. நான் இதையெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் கரண்ட் வந்துவிட்டது, அவள் எழுந்து போய் லேப்டாப்பைச் சார்ஜில் போட்டுவிட்டு வந்தாள்.

அவளிடம் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. நான் கற்ற சாஸ் இன்றைக்கு இல்லை. ரூபியில் ஓடியது 2019 மார்ச்சில் நின்றது. அடுத்து வந்து வேகத்துக்குப் பேர் வாங்கிய லிப்சாஸையும் 2020-இல் இனி வேண்டாம் என்று அறிவித்தார்கள். இப்போது ஓடுவது டார்ட் என்ற மொழியில் எழுதியது. கோப்புகளைச் சேர்க்க நான் நாளைக்கு இருபது தடவை எழுதிய கட்டளையே 2024 அக்டோபரிலிருந்து வேண்டாதது என்று எச்சரிக்கை காட்டுகிறது. அந்த மஞ்சள் எச்சரிக்கைகளைத் தினமும் காலையில் பார்த்துக்கொண்டேதான் டீ குடிக்கிறேன். கருவியைக் கற்பதற்கான நேரத்தை எல்லாரும் ஒரு தடவைச் செலவாகக் கணக்கு வைக்கிறார்கள். அது வருஷ வாடகை. சென்னையில் சம்பளத்தோடு உட்கார்ந்து அந்த வாடகையைக் கட்டுவது ஒன்று. வீரசோழனில், டேட்டா தீர்ந்துவிடுமே என்று எண்ணிக்கொண்டு, கிடைக்குமா என்றே தெரியாத வேலைக்காக முன்பணமாகக் கட்டுவது வேறு. ஆள் கேட்கிறவர்களுக்கு அறிவிப்பின் அந்த நான்காவது வரி ஒரு வரிதான். அதைப் போட்டவருக்கே பாதி நேரம் ஏன் போட்டோம் என்று தெரியாது. போன வருஷ அறிவிப்பிலிருந்து எடுத்து ஒட்டியிருப்பார், நானே அப்படி ஒட்டியிருக்கிறேன். அதைப் பார்த்துவிட்டு விண்ணப்பமே போடாமல் போனவர்கள் எத்தனை பேர் என்று அப்போது யோசித்ததில்லை.

ஆகவே பஸ் ஸ்டாப்பில் சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன். வேண்டாம் என்றது தப்பு. சிஎஸ்எஸ் கைக்கு வந்தபின் சாஸுக்கு மூன்று நாள் கொடுக்கலாம். முதல் நாள் நோட்டில் கையால் விரிக்க, இரண்டாம் நாள் ஓடவிட, மூன்றாம் நாள் வெளியே வந்த கோப்பைத் திறந்து முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் வாசிக்க. நான்காம் நாள் கொடுக்காதே தாயி. அதற்கு மேல் தெரிய வேண்டும் என்கிற கம்பெனி, சேர்த்துக்கொண்டு சம்பளத்தில் சொல்லிக்கொடுக்கட்டும்.